புயலுக்கு மறுநாள்

ஐப்பசி பிறந்தது முதல் மார்கழி பிறக்கும் வரையில், வங்கக் கடலோரத்துக் குடும்பஸ்தன் வானிலைச் செய்தியில் ஒரு காதையும் கீழ்வானத்தில் ஒரு கண்ணையும் வைத்துக்கொண்டே காலம் கழிக்கிறான். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்ற செய்தி வந்த மாத்திரத்தில் கடைத்தெருவில் மெழுகுவர்த்தியும் ரொட்டியும் பால் பாக்கெட்டும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகின்றன. ஜன்னல்களைச் சாத்தி, கூரையின்மேல் மணல் மூட்டை ஏற்றி, வாசலில் நிற்கும் சைக்கிளை உள்ளே தள்ளிக் கதவைத் தாழிட்டு, 'பகவான் விட்ட வழி' என்று படுத்துவிட்டால் நம் கடமை பூர்த்தியாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இவ்வளவும் அவசியமே, ஆனால் இவ்வளவும் ஓர் இரவுக்கு மட்டுமே போதுமானவை. புயல் கரையைக் கடப்பது சில மணி நேரத்துக் காரியம். அது விட்டுப்போகும் அவஸ்தையோ வாரக்கணக்கில் நீள்வது. குடும்பத்துக்கு உண்மையான பரீட்சை மறுநாள் காலையில்தான் ஆரம்பமாகிறது.

2018 நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் இதற்குச் சரியான சாட்சி. அப்புயலுக்குப் பெயர் சூட்டி ஐந்து நாட்கள் ஆன பிறகே அது கரைக்கு வந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை நள்ளிரவில் கடல் வாரிக்கொண்டபோது, பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலில் இருந்தவர்களுக்கு எதிரே வருவது இன்னதென்று தெரியாது. கஜா வந்தபோதோ, எந்தக் கரைக்கு எந்த வேளையில் வரும் என்பது வரையில் ஏறத்தாழச் சொல்லப்பட்டிருந்தது. தாழ்வான இடங்களில் இருந்தோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதனால் பல பிராணன்கள் பிழைத்தன. எனினும் விடிந்து பார்த்தபோது, லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்து, தென்னந்தோப்புகள் வேரோடு பெயர்ந்து வழியெங்கும் குறுக்கே கிடக்க, உள்ளொடுங்கிய கிராமங்கள் பல, வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்தன.

மின்சாரம் போனால் விளக்கு மட்டும் போவதில்லை என்பதை அப்பிரதேசத்துப் பெண்கள் முதல் நாளிலேயே அறிந்துகொண்டார்கள். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றுவது மோட்டார். மோட்டாரை ஓட்டுவது மின்சாரம். ஆகவே தெருக்குழாய் வறண்டது. ஆழ்குழாய்க் கிணறு வந்த பின் அடிபம்பைக் கழற்றிப்போட்ட வீடுகளில், பூமிக்கடியில் நீர் நிரம்பியிருந்தும் ஒரு சொம்பு எடுக்க வழியில்லை. டீசல் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, வீடு வீடாக இழுத்துச் சென்று தொட்டியை நிரப்பினார்கள். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்குங்கூடக் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். கிரைண்டரையும் மிக்ஸியையும் நம்பி அம்மியைக் கொல்லைக்கு அனுப்பிவிட்ட சமையலறையில் ஒரு துவையல் அரைப்பதும் பிரயாசையாயிற்று.

எனவே ஆயத்தம் தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று வைத்தாலும், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், அதாவது பத்துப் பன்னிரண்டு குடம், மூடிவைத்த நிலையில் வேண்டும். புழங்குவதற்கான நீர் இதில் சேராது. புயல் வருமுன்பே மாடித் தொட்டியை நிரப்பிவிடுவது நலம்: நீரும் கைவசம் இருக்கும், நிறைந்த தொட்டி காற்றில் உருண்டோடவும் செய்யாது. பிறகு உணவு. ரொட்டி இரண்டு நாளில் பூசணம் பூக்கும். அவலும் பொரியும் கடலையும் வெல்லமும் அப்படியல்ல. புழுங்கலரிசி, பருப்பு, வற்றல், கருவாடு, ஊறுகாய் என்று மழைக்காலத்துக்காக நம் பாட்டிமார் பரணில் சேர்த்துவைத்த சாமான்கள் இன்றைக்கும் பொருத்தமானவையே. சிலிண்டர் தீர்ந்தால் மாற்று வரத் தாமதமாகும் என்பதால், நனையாத விறகு ஒரு கட்டாவது இருத்தல் நன்று.

அடுத்தபடியாகக் காகிதங்கள். வீடு இழந்தவன் நிவாரணம் கேட்டு நிற்கும்போது, அவன் இன்னான் என்பதற்கும் இந்த மனை அவனுடையது என்பதற்கும் அத்தாட்சி கேட்கப்படுகிறது. குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டி, எழுந்து ஓட நேர்ந்தால் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது ஒரு மணி நேர வேலைதான். அதே பையில் சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்; மின்சாரமில்லாத ஊரில் ஏ.டி.எம். வெறும் இரும்புப் பெட்டி. நாள்தோறும் மருந்து உண்பவர்களுக்குப் பதினைந்து நாள் மருந்து முன்கூட்டியே வாங்கப்பட வேண்டும். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் பிரிஜ் ஓயுமானால், மருந்தை நீர் புகாத டப்பாவில் மூடி, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைத்து நிழலில் காப்பது பலரும் கையாளும் உபாயம்.

புயல் இரவைப் பற்றி ஒன்று சொல்லாமல் தீராது. பேய்க்காற்று சட்டென்று ஓய்ந்து நிசப்தம் நிலவினால், ஆபத்து நீங்கிவிட்டதென்று கதவைத் திறக்கலாகாது. புயலின் கண் தலைக்கு மேலே கடப்பதால் உண்டாகும் அமைதியாக அது இருக்கக்கூடும். சற்றைக்கெல்லாம் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். முறிந்த மரத்தைப் பார்க்க வெளியே வந்தவன் அகப்பட்டுக்கொள்வது அந்த வேளையில்தான்.

விடிந்த பிறகோ வேறு வகை ஜாக்கிரதை வேண்டும். ஈரத்தில் கிடக்கும் மின்கம்பியில் உயிர் இல்லை என்று யாரும் அனுமானிக்கக் கூடாது. வெள்ளத்தால் வளை இழந்த பாம்பு விறகுக் குவியலிலும் கவிழ்ந்த பாத்திரத்தினடியிலும் புகுந்திருக்கும். குச்சியால் தட்டிப் பார்க்காமல் கை வைப்பது விவேகமன்று. ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓடவிட்டால் அதன் புகை தூக்கத்திலேயே கொல்லும். கலங்கிய நீரால் வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்துவர வேண்டும். குழந்தையானால் வைத்தியரிடம் கொண்டுபோவதில் தாமதமும் கூடாது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்களைக் கைபேசிக்குள் மட்டும் பதிந்துவைக்காமல், சுவரிலும் பெரிதாக எழுதிவைத்தல் தகும்.

இத்தனையும் சேர்த்துவைத்த வீட்டிலுங்கூட, யார் எதைச் செய்வதென்று வகுத்துவைக்காவிட்டால் அந்தச் சமயத்தில் எல்லாரும் ஒன்றையே செய்வார்கள், ஒன்று விடுபட்டுப்போகும். பாட்டியைக் கைபிடித்து முகாமுக்கு அழைத்துச் செல்பவர் யார், காகிதப் பையை எடுப்பவர் யார், மாடுகளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடுபவர் யார், ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிட்டால் கூடுமிடம் எது என்பவற்றைச் சாவதானமான ஒரு மாலையில் பேசி முடிவுசெய்துவிட வேண்டும். மழை பிடித்த பிறகு அந்தச் சாவதானம் யாருக்கும் வாய்ப்பதில்லை.

இதற்கென்று தனியாக நாள் பார்க்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னரே சரஸ்வதி பூஜை வந்துவிடுகிறது. அன்றைக்கு வீட்டைக் கழுவி, பரணில் உள்ளதை இறக்கி, அரிவாளையும் கடப்பாரையையும் துடைத்துப் பொட்டிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்த வரிசையிலேயே டார்ச் விளக்கும் கயிற்றுச் சுருளும் காகிதப் பையும் மருந்துப் பெட்டியும் இடம்பெறட்டும். தீர்ந்ததை வாங்கி, பழுதானதை மாற்றி, அடிபம்பு இருக்கும் வீட்டில் அதன் தோல்வாசரையும் புதுப்பித்து விடலாம். தன் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்துவைத்தவன் நிவாரண லாரியின் பின்னால் ஓட மாட்டான். அவன் விட்டுக்கொடுக்கும் அரிசிப் பை, சேர்த்துவைக்க வழியே இல்லாத கூலிக்காரன் வீட்டுக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்.