மின்சார காரில் சென்னை டூ மதுரை: சார்ஜ் எங்கே, எப்போது போட வேண்டும்?

பண்டிகை லீவு வந்தால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் இப்போது புதிதாக ஒரு கேள்வி: "ஊருக்கு மின்சார காரிலேயே போயிடலாமா? நடுவழியில நின்னுடாதா?" போகலாம். ஆனால் பெட்ரோல் கார் மாதிரி கிளம்பிவிட்டு வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் சிக்கல்தான்.

முதலில் ரேஞ்ச் கணக்கு. 45 யூனிட் (கிலோவாட் ஹவர்) பேட்டரி கொண்ட டாடா நெக்ஸான் இவி-யை எடுத்துக்கொள்வோம். சோதனைக்கூடக் கணக்கில் அதன் ரேஞ்ச் 489 கி.மீ. சென்னை - மதுரை சுமார் 460 கி.மீ. "அப்ப ஒரே சார்ஜ்ல போயிடலாமே" என்று நினைக்க வேண்டாம். நாலு பேர், லக்கேஜ், ஏசி, ஹைவே வேகம் எல்லாம் சேர்ந்தால் 300 கி.மீ. என்று வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. அதாவது, 1 சதவீத சார்ஜுக்கு 3 கி.மீ.

இந்தக் கணக்குப்படி 100 சதவீதத்துடன் கிளம்பினால், 200 கி.மீ. தள்ளி உள்ள உளுந்தூர்பேட்டையில் 33 சதவீதம் மீதி இருக்கும். அங்கே 80 வரை ஏற்றினால், அடுத்த 130 கி.மீ. ஓடி திருச்சியில் 37. மதுரைக்கு இன்னும் 135 கி.மீ. இருக்கிறது, அதற்கு 45 சதவீதம் தேவை. ஆக, திருச்சியில் இரண்டாவது நிறுத்தம். 65 சதவீதம் வரை போட்டால் போதும், மதுரையில் இறங்கும்போது 20 கையில் இருக்கும்.

ஏன் 100 வரை போடக்கூடாது? 80-க்கு மேல் பேட்டரி வேகமாக மின்சாரம் வாங்காது. கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் திருச்சியைப் பாதி தொட்டுவிடலாம்.

உளுந்தூர்பேட்டையில் ஏற்ற வேண்டியது சுமார் 21 யூனிட். 60 கிலோவாட் சார்ஜரில் தனியாக நின்றால் ஏறக்குறைய அரை மணி நேரம், ஒரு டிபன் சாப்பிடும் நேரம். ஆனால் இரண்டு கன் உள்ள பல சார்ஜர்களில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால் மின்சாரம் பாதியாகப் பிரியும். அப்போது 40 நிமிடத்தைத் தாண்டும். தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் வரிசையும் சேரும். அதனால்தான் 30 சதவீதம் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். 8 சதவீதத்தில் போய் நின்று, சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால், அடுத்த இடத்துக்குப் போகவும் வழி இருக்காது.

நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்றது மத்திய மின்சக்தி அமைச்சகத்தின் 2019 வழிகாட்டுதல். காகிதத்தில் இருப்பதை நம்பிக் கிளம்பாமல், டாடா பவர், ஜியான், ஸ்டாட்டிக் போன்ற ஆப்களை முதல் நாளே இறக்கி, வாலட்டில் பணம் போட்டு வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் நின்று ஓடிபி-க்குக் காத்திருப்பது கொடுமை. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு.

தாம்பரம், பரனூர் டோல்கேட் நெரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம். நின்றுகொண்டே ஏசி ஓடினால் மணிக்கு 1, 2 யூனிட்தான் போகும். சார்ஜைத் தின்பது வேகம்தான். 80 கி.மீ. வேகத்துக்கும் 110-க்கும் இடையே காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது.

மயிலாப்பூர், தி.நகர் பழைய ஃபிளாட்களில் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருப்பதே அபூர்வம். அப்படிப்பட்டவர்கள் முந்தைய நாள் மாலையே பப்ளிக் சார்ஜரில் முழுசாக ஏற்றிவிட வேண்டும். 60 சதவீதத்தில் கிளம்பினால் மேலே சொன்ன கணக்கு எதுவும் ஒத்துவராது.

ஊரில் போய் இறங்கியதும் 15 ஆம்ப் பிளக்கில் போட்டுக்கொள்ளலாம். காலியான பேட்டரி நிரம்ப 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி போட்டால் மறுநாள் மதியம் ஆகிவிடும். ஆனால் கிராமத்து வீட்டில் எர்த் சரியில்லை என்றால் போர்ட்டபிள் சார்ஜர் வேலையே செய்யாது. கிளம்புவதற்கு முன்பே ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லி ஒரு போன் போட்டுவிடுங்கள்.