காரின் குலுக்கலுக்கு அளவான வைத்தியம்

மும்பை, புனே பக்கம் வாழும் நம் குடும்பங்களில் காருக்கு இரண்டு விதமான உழைப்பு உண்டு. ஆண்டில் பதினோரு மாதம் அது ஒருவரையோ இருவரையோ சுமந்துகொண்டு, மழையில் பெயர்ந்த சாலைகளில் அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஊர்ந்து போகிறது. மே மாதம் வந்துவிட்டாலோ அதே காரில் ஐந்து பேரும் அவர்கள் பெட்டிகளும் ஏறி, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஊருக்கு ஓட வேண்டும். திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் புளியும் வடாமும் வேறு சேர்ந்துகொள்ளும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மேலே சுமை, கீழே பள்ளம் என்று இரண்டு பக்கமும் இடி வாங்குவது காரின் சஸ்பென்ஷன்தான்.

கார் வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆனதும் பின் சீட்டில் உட்காரும் பெரியவர்கள் 'இடுப்பு போச்சு' என்பார்கள். வீட்டு இளைஞர்கள் உடனே சஸ்பென்ஷனை மாற்றிவிடலாம் என்று கிளம்புவார்கள். காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங், உயர்த்தும் ஸ்பேசர், ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் என்று கடையில் பலவும் கிடைக்கின்றன. இவற்றில் எது நமக்கு வேண்டும்? பெரும்பாலும் எதுவுமே வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே வேலையைச் செய்வன என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் அமுங்கி, மீண்டும் எழுகிறது. அதைத் தன் போக்கில் விட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறித் தணிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் ஓடினாலும் ஸ்பிரிங் அவ்வளவு சுலபத்தில் சோர்வதில்லை. எண்ணெய் கசிந்து, சீல் தேய்ந்து முதலில் களைத்துப்போவது ஷாக் அப்சார்பர்தான்.

ரயில் பெட்டிகளின் அடியில் குனிந்து பார்த்தே பிழைப்பு நடத்தியவன் நான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2018 வரை தயாரான பழைய வகைப் பெட்டிகளில் அச்சுப் பெட்டிக்கு மேல் உள்ள ஸ்பிரிங்கின் நடுவே 'டேஷ்பாட்' என்ற எண்ணெய்க் குடுவை உண்டு. அதில் எண்ணெய் குறைந்தால், ஸ்பிரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்டி துள்ளும். அங்கே ஸ்பிரிங்கைக் குறை சொன்னால் பயனில்லை. உங்கள் காருக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். பானெட்டின் ஒரு மூலையை மூன்று முறை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். கார் ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் களைத்துவிட்டது. இந்தச் சோதனையில் தேறிவிட்டாலும் நம்பிவிடாமல் அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, டயர் அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சமதரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பெருத்த வித்தியாசம் இருந்தால் மட்டுமே ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் டயரில் காற்று சரியா என்று பாருங்கள். கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணையில் முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருந்தால், ஊருக்குக் கிளம்பும் காலையில் அதன்படி நிரப்புங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், கம்பெனி ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்ட, நைட்ரஜன் வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் கிடைத்தால் அதைப் போடுங்கள். வாயுவின் அழுத்தம் எண்ணெய் நுரைத்துப்போகாமல் காக்கும். நீண்ட பயணத்திலும் பிடி தளராது. நான் சொல்லும் 'அளவான மேம்பாடு' இவ்வளவுதான். முன்பக்கம் என்றால் இரண்டும், பின்பக்கம் என்றால் இரண்டும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ரயில்வேயில் ஸ்பிரிங்குகளைச் சுமையில் வைத்து, உயரம் அளந்து, ஏ, பி, சி என்று பிரித்து, ஒரே இனத்தவற்றையே சேர்த்துப் போடுவோம். ஒரு பக்கம் புதியது, மறு பக்கம் பழையது என்றால் வண்டி கோணலாகவே நடந்துகொள்ளும்.

கூடவே மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை, தேய்ந்த புஷ்கள் ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் அவசியம்.

குட்டை ஸ்பிரிங் ஏன் ஆகாது? நம் சிறிய கார்களின் அடிவயிறு தரைக்கு மேல் சுமார் 160 முதல் 180 மில்லிமீட்டர்தான். அதையும் குறைத்துவிட்டு ஐந்து பேரை ஏற்றினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தட்டும். ரப்பர் பஃபர் சில வளையங்களை வேலை செய்யவிடாமல் பூட்டிவிடுகிறது. கார் உயர்ந்தது போலத் தெரியும். ஆனால் ஸ்பிரிங் விறைத்து, மீதி வளையங்களின் மேல் பாரம் கூடும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவுப் பாகம் போடுவது இதில் சேராது.

இது வெறும் சொகுசு விஷயம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். களைத்த ஷாக் அப்சார்பரால் டயர் சாலையை விட்டு எழும்பி எழும்பி விழுகிறது. எழும்பிய டயருக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? கம்பட்கி மலைச்சாலையில் முழுச் சுமையோடு இறங்கும்போது முன்னால் லாரி நின்றால், நம்மைக் காப்பாற்றுவது தரையை விடாத அந்த நான்கு டயர்கள்தான்.

எனவே ஊர்ப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே இந்த வேலையை முடித்துவிடுங்கள். முடிந்ததும் வீட்டிலுள்ள பெரியவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அவர் கண்ணயர்ந்துவிட்டால் மெக்கானிக்குக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கலாம்.