பெயின்ட் காயற வரைக்கும்: வீட்டில் மாடல் ராக்கெட் கட்டி முடிப்பது

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் எடுத்திருக்கோம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னிக்கு கோடிங் கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது. கையில பசை ஒட்டுற ஒரு விஷயம் பேசப் போறோம். டைனிங் டேபிள்ல உட்கார்ந்து அட்டைக் குழாய், பால்சா மரம், கொஞ்சம் பெயின்ட் வச்சு ஒரு ராக்கெட் கட்டறது. அதை நிஜமாவே மேல அனுப்பி, பத்திரமா திரும்ப வாங்கறது.

ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷம் எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. ராக்கெட் எப்படிக் கட்டறதுன்னு ஏகப்பட்ட வீடியோ இருக்கு. ஆனா பட்டி, பிரைமர், பெயின்ட்னு வர்ற ஃபினிஷிங் வேலையை மட்டும் பலரும் அழகுக்காகன்னு நினைச்சு கடைசியில தள்ளிடறாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு சனிக்கிழமை காலை வரைக்கும். அந்தக் கதைக்கு வரேன். முதல்ல அடிப்படை.

உள்ளே என்ன இருக்கு

உதாரணத்துக்கு எஸ்டிஸ் நிறுவனத்தோட ‘ஆல்ஃபா’ கிட்டை எடுத்துக்கலாம். 1960-கள்ல வந்த டிசைன், இன்னிக்கும் கிடைக்குது. நீளம் சுமார் 31 செ.மீ., குறுக்களவு சுமார் 25 மி.மீ. மோட்டார் இல்லாம 25 கிராமுக்குள்ளதான் எடை.

மேல நோஸ் கோன், அதாவது மூக்கு. நடுவுல அட்டைக் குழாய். கீழ மூணு ஃபின். உள்ளே மோட்டாரைப் பிடிச்சுக்க ஒரு சின்னக் குழாய், மடிச்சு வச்ச பாராசூட், மூக்கையும் உடம்பையும் இணைக்கிற எலாஸ்டிக் கயிறு. பக்கவாட்டுல ஸ்ட்ரா மாதிரி ஒரு துண்டு ஒட்டியிருக்கும். ஏவும்போது அதை ஒரு மெல்லிய கம்பியில கோத்துதான் ராக்கெட்டை நிறுத்துவோம்.

மோட்டார் ஒரு விரல் அளவு: 18 மி.மீ. குறுக்களவு, 70 மி.மீ. நீளம். மேல ‘பி6-4’ மாதிரி ஒரு குறியீடு இருக்கும். ‘பி’ன்னா மொத்த உந்தம் 2.5-லிருந்து 5 நியூட்டன் செகண்டுக்குள்ள. ‘6’ன்னா சராசரி உந்துவிசை 6 நியூட்டன். ‘4’ன்னா எரிஞ்சு முடிச்ச பிறகு 4 செகண்ட் தாமதம். அந்த 4 செகண்டும் ராக்கெட் வந்த வேகத்துலயே மேல போய்க்கிட்டு இருக்கும். அப்புறம் மோட்டாரோட முன்பக்கத்துல ஒரு சின்ன வெடி. அந்த அழுத்தம் மூக்கைத் தள்ளி, பாராசூட்டை வெளியே எடுக்கும்.

இந்தக் கடைசி வேலையை மனசுல வச்சுக்கோங்க. ராக்கெட் திரும்பி வர்றது மொத்தமும் அந்த மூக்கு கழன்று வர்றதுல இருக்கு.

ராக்கெட்டைக் கட்டுங்க, மோட்டாரைக் கட்டாதீங்க

இந்த ஹாபி ஏன் பிறந்ததுன்னு தெரிஞ்சா இந்த விதி புரியும். 1950-கள்ல அமெரிக்காவுல பசங்க இரும்புக் குழாய்ல ரசாயனத்தை அடைச்சு ராக்கெட் விட ஆரம்பிச்சாங்க. 1957-ல ஸ்புட்னிக் போனதும் அந்த ஆர்வம் இன்னும் ஏறுச்சு. பல பேர் விரலை இழந்தாங்க, கண்ணை இழந்தாங்க, சிலர் உயிரையே விட்டாங்க.

நெப்ராஸ்காவுல நார்ஃபோக்னு ஒரு ஊர். அங்க செருப்புக் கடை வச்சிருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில ஆர்வம் உள்ளவர். அவரும் அவர் சகோதரர் ராபர்ட்டும் 1954-ல காகிதமும் பால்சாவும் வச்சு ஒரு ராக்கெட் செஞ்சாங்க. மாத்திப் போடக்கூடிய மோட்டார், திரும்பி இறங்க பாராசூட் ரெண்டும் அதுல இருந்தது. ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்துல வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், வீட்டு ராக்கெட் ஆபத்துகளைப் பத்தி எழுதியிருந்ததைப் படிச்சிட்டு, கார்லைல் தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்பி வச்சார். ஸ்டைன் அதைப் பறக்க விட்டுப் பார்த்து, பாதுகாப்பு விதிகள் எழுதினார். அப்படி 1957-ல தொடங்கின சங்கம்தான் இப்போ தேசிய ராக்கெட்ரி சங்கமா இருக்கு. மோட்டாரை ஒரே தரத்துல நிறைய செய்ய வெர்ன் எஸ்டிஸ் ஒரு இயந்திரமே கட்டினார். அதுக்கு ‘மேபெல்’னு பேரு.

ஆக, மோட்டார் ஃபேக்டரியில, ராக்கெட் வீட்டுலன்னு வேலையைப் பிரிச்ச பிறகுதான் இது பசங்க பாதுகாப்பா விளையாடற விஷயமா ஆச்சு. அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க.

ஃபின் ஒட்டறது

கட்டற வேலையில பாதி மெனக்கெடல் ஃபின்லதான். பால்சா மரத்துல கோடு கோடா ஒரு வரி ஓடும் பாருங்க, அந்த வரி ஃபின்னோட முன் விளிம்புக்கு இணையா இருக்கணும். குறுக்கே ஓடினா தரையில இறங்கும்போது பிஸ்கட் மாதிரி உடையும்.

முன் விளிம்பை உப்புத்தாள்ல தேய்ச்சு உருண்டையா ஆக்குங்க. பின் விளிம்பை மெலிசாக்குங்க. குழாயோட ஒட்டற விளிம்பை மட்டும் தட்டையா விட்டுடுங்க.

ஒட்டறதுக்கு வுட் க்ளூ போதும். ஃபின் விளிம்புலயும் குழாய்லயும் மெலிசா தடவி, கொஞ்சம் காய விட்டு, மறுபடி மெலிசா தடவி ஒட்டினா சட்டுனு பிடிச்சுக்கும். பசை மரத்துக்குள்ளயும் அட்டைக்குள்ளயும் ஊறி நிக்கறதால, அப்புறம் அடிபட்டா பசை விடாது, மரம்தான் கிழியும். காய்ஞ்சதும் ஃபின்னும் குழாயும் சேர்ற மூலையில ஒரு கோடு பசை விட்டு விரலால இழுத்து விடுங்க. சுவர் மூலையில சிமென்ட் பூசி உருட்டி விடுவாங்களே, அதே வேலை. இதுக்கு ஃபில்லட்னு பேரு.

ஆனா பசை கூடக்கூட பலம்னு நினைச்சு அப்பிடாதீங்க. ஏன்னா ராக்கெட்டுக்கு ரெண்டு புள்ளி முக்கியம். ஒண்ணு எடை மையம். மோட்டார், பாராசூட் எல்லாம் போட்டு விரல் மேல வச்சா எங்க சமமா நிக்குதோ அது. இன்னொண்ணு அழுத்த மையம். காத்தோட தள்ளல் மொத்தமும் எந்தப் புள்ளியில சேருதோ அது. எடை மையம், அழுத்த மையத்துக்கு முன்னாடி, குறைஞ்சது ஒரு குழாய் குறுக்களவு தூரத்துல இருக்கணும். அம்புக்குப் பின்னால இறகு வைக்கறதும் இதே காரணத்துக்குத்தான். நாசாவுல வேலை பார்த்த ஜேம்ஸ் பேரோமன் 1960-கள்ல இதைக் கையாலேயே கணக்குப் போட ஒரு வழி கொடுத்தார். இப்போ ‘ஓப்பன்ராக்கெட்’னு ஒரு இலவச மென்பொருள் அதைச் செய்யுது. ஃபின்லாந்துல சம்போ நிஸ்கனென் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதினது அது.

இப்போ பாருங்க, பசை, பட்டி, பெயின்ட் எல்லாம் அதிகமா சேர்ற இடம் எது? ஃபின் இருக்கற வால் பக்கம். 25 கிராம் ராக்கெட்டுக்கு வால்ல 3 கிராம் ஏறினா எடை மையம் பின்னாடி நகரும். கம்ப்யூட்டர்ல நேரா பறந்த ராக்கெட் மைதானத்துல பல்டி அடிக்கும். அதனால ஒவ்வொரு கட்டத்துலயும் சமையல் தராசுல எடை பாருங்க. கடைசியா, மோட்டார் போட்டு, உண்மையான எடை மையத்தை மென்பொருள்ல மாத்திப் போடுங்க. இடைவெளி குறைஞ்சா மூக்குக்குள்ள கொஞ்சம் களிமண் வைக்கலாம்.

பட்டி, பிரைமர், பெயின்ட்

நம்ம ஊர்ல சுவருக்கு பட்டி பார்க்கற மாதிரிதான் இதுவும். மர ஃபில்லரைத் தண்ணி விட்டு நெகிழ்த்தி, பிரஷால ஃபின் மேல பூசுங்க. ரெண்டு பக்கமும் பூசணும். ஒரு பக்கம் மட்டும் ஈரமானா மெல்லிய பால்சா வளைஞ்சுடும். அட்டைக் குழாய்ல சுருள் சுருளா ஒரு பள்ளம் ஓடும், அதுலயும் நிரப்புங்க. காய்ஞ்சதும் 220 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 400. பூசினதுல பெரும்பகுதி தூளா வெளியே போயிடணும். பள்ளத்துல மட்டும் மிஞ்சினா போதும்.

இந்த வழவழப்பு காத்துக்கும் முக்கியம். ஓப்பன்ராக்கெட்ல மேற்பரப்புக்குன்னே ஒரு செட்டிங் இருக்கு. சாதாரண பெயின்ட்டை 60 மைக்ரான் சொரசொரப்பாவும், வழவழப்பான பெயின்ட்டை 20 மைக்ரானாவும் எடுத்துக்கும். மாத்திப் பாருங்க, உயரம் மாறும்.

பெயின்ட் அடிக்க, பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டி மோட்டார் குழாய்ல சொருகிப் பிடிச்சுக்கோங்க. வெளியில, மாஸ்க் போட்டு, 25-30 செ.மீ. தள்ளி நின்னு அடிங்க. முதல் கோட்ல அட்டை தெரிஞ்சா பரவாயில்ல. ஒரே கோட்ல மூடப் பார்த்தா வழியும். அடுத்த கோட் எப்போன்னு டப்பாவுல போட்டிருக்கற நேரத்தை மதிங்க. பாதி காய்ஞ்சதுக்கு மேல அடிச்சா தோல் சுருங்கற மாதிரி சுருங்கிடும். காத்துல ஈரம் அதிகமா இருக்கற நாள்ல அடிக்காதீங்க. ஹூஸ்டன்ல அப்படிப் பார்த்தா வருஷத்துல பாதி நாள் சும்மாதான் இருக்கணும், வேற வழியில்ல.

அந்தச் சனிக்கிழமை

நண்பரோட பொண்ணுக்கு ஏழு வயசு. அவளும் நானும் சேர்ந்து ஒரு ராக்கெட் கட்டினோம். ஆரஞ்சு கலர், அவ செலக்‌ஷன். சனிக்கிழமை கிளப் மைதானத்துல ஏவறதுன்னு வாக்கு கொடுத்துட்டேன். வியாழக்கிழமை ராத்திரிதான் கடைசி கோட் அடிச்சேன். வெள்ளிக்கிழமை தொட்டுப் பார்த்தேன், கையில ஒட்டல. காய்ஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். மூக்கோட கீழ்ப்பகுதி குழாய்க்குள்ள நுழையும் இல்லையா, அந்த இடத்தை டேப் போட்டு மறைக்கவும் இல்ல. அதுலயும் ஆரஞ்சு.

காலையில பரிசோதனை மேசையில மூக்கைக் கழட்டிக் காட்டினேன். கொஞ்சம் டைட், ஆனா வந்துச்சு. அப்புறம் முக்கால் மணி நேரம் வெயில்ல வரிசை. அவதான் பட்டனை அழுத்தினா. நேரா, அழகா போச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மேல ‘டப்’னு சத்தம் கேட்டுச்சு. பாராசூட் வரல. மோட்டார்தான் பின்பக்கமா கழன்று விழுந்தது. ராக்கெட் மூக்கைக் கீழ வச்சு அம்பு மாதிரி இறங்குச்சு. மைக்ல கத்தினாங்க, எல்லாரும் மேல பார்த்தோம். நாங்க வச்சிருந்த மடக்கு நாற்காலிக்குப் பத்தடி தள்ளி, மண்ணுல குத்தி நின்னுச்சு.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அந்த நாற்காலியில ரெண்டு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அவ உட்கார்ந்திருந்தா. “மாமா, பாராசூட் வரவே இல்லையே”ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல.

பாதுகாப்பைப் பார்த்துக்கிற பெரியவர் வந்து மூக்கை இழுத்துப் பார்த்தார். அசையல. வெயில்ல இளகின பெயின்ட் பசை மாதிரி பிடிச்சிருந்தது. அவர் என்னைத் திட்டல. ராக்கெட்டை முகர்ந்து பார்த்துட்டு என் கையில கொடுத்தார். நானும் முகர்ந்தேன். பெயின்ட் வாசனை அடிச்சுது.

தொட்டா ஒட்டாதது மேல் தோல் காய்ஞ்சதுக்கு அடையாளம், அவ்வளவுதான். உள்ள இருக்கற கரைப்பான் வெளியேற பல நாள் ஆகும். வாசனை வருதுன்னா இன்னும் வெளியேறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஏவறதுக்கு முன்னாடி

அதுக்கப்புறம் நான் கடைப்பிடிக்கறது இதுதான்:

மூக்கு நுழையற பகுதி, குழாயோட உள்விளிம்பு, மோட்டார் குழாய் மூணையும் பெயின்ட்டுக்கு முன்னாடி டேப் போட்டு மறைக்கறேன்.

வாசனை போற வரைக்கும் பறக்க விடறதில்ல.

மூக்கைப் பிடிச்சு ராக்கெட்டைத் தொங்க விடுவேன். அது எடையைத் தாங்கணும், லேசா உதறினா கழன்று வரணும். டைட்டா இருந்தா உப்புத்தாள், லூசா இருந்தா ஒரு சுத்து டேப். இதை வீட்டுல ஒரு தடவை, ஏவற கம்பிகிட்ட ஒரு தடவை பார்க்கறேன்.

பாராசூட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவுல தீப்பிடிக்காத காகிதம் வைக்க மறக்கறதில்ல. இல்லன்னா பாராசூட் உருகிடும்.

மத்தபடி சங்கத்தோட விதிகள்: டி அளவு மோட்டார் வரைக்கும் குறைஞ்சது 15 அடி தள்ளி நிக்கணும், காத்து மணிக்கு 20 மைலுக்கு மேல இருந்தா ஏவக்கூடாது, பட்டன் அழுத்தி பத்தலன்னா சாவியை எடுத்துட்டு 60 செகண்ட் காத்திருக்கணும்.

ஒரு கேள்வி

தமிழ்நாட்டுல இருந்து நிறைய பேர் இதையே கேக்கறீங்க: “மோட்டார் இங்க சுலபமா கிடைக்கல, பட்டாசு மருந்து வச்சு நானே செய்யலாமா?” வேண்டாம். கார்லைல் காலத்துல விரல் போன பசங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. உடம்பைக் கட்டுங்க, ஃபின் செதுக்குங்க, ஓப்பன்ராக்கெட்ல பறக்க விடுங்க. நிஜமா பறக்கணும்னா பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி ராக்கெட் செய்யுங்க. எடை மையமும் அழுத்த மையமும் அதுக்கும் பொருந்தும்.

ஆரஞ்சு ராக்கெட்டோட குழாய் நசுங்கிடுச்சு. புதுக் குழாய் போட்டு திரும்பக் கட்டினோம். இந்தத் தடவை தேதி எதுவும் சொல்லல. தினமும் சாயந்திரம் அவ வந்து முகர்ந்து பார்ப்பா. “இன்னும் வருது மாமா”ன்னு சொல்லிட்டுப் போயிடுவா. ஒன்பதாவது நாள்தான் சரின்னு சொன்னா. அடுத்த சனிக்கிழமை பாராசூட் விரிஞ்சுது.