எழுத்தும் ஏவலும்: வணிகச் சேவையக மென்பொருளின் குறைபாடொன்று பற்றிச் சில குறிப்புகள்

தொழில்நுட்பக் குறைபாடுகளை நிபுணர்களின் தனி விவகாரமாகக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. ஆயின், எந்த உற்பத்திக் கருவியும் சமூக உறவுகளுக்குப் புறம்பாக இயங்குவதில்லை. வளைகுடா நாடொன்றில் உழைப்பவரின் கூலி கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ உள்ள குடும்பத்தை வங்கிவழி வந்தடைவதற்குப் பல நிறுவனங்களின் சேவையகக் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாற வேண்டியுள்ளது. அப்பரிமாற்றத்தை நடத்தும் மென்பொருளில் தோன்றும் பழுது, ஆதலால், நமது கடைத்தெருவின் விடயமுமாகும். அத்தகைய பழுதுகளுள் கொடியதான 'நிரல் புகுத்தல்' என்பதனை, இலங்கையோடு தொடர்புடைய மென்பொருளொன்றைச் சான்றாகக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இதன் அடிப்படை புதிதன்று. 'நட', 'வா' என்பன வினைப்பகுதிகள். அவையே முன்னிலை ஒருமை ஏவலுமாகும். வடிவம் ஒன்றே. அது வெறுமனே சுட்டப்படுஞ் சொல்லா, பணிக்குஞ் சொல்லா என்பதை இடமே தீர்மானிக்கின்றது. அகராதியில் 'நட' என்றிருப்பதைக் கண்டு எவரும் எழுந்து நடப்பதில்லை. கணினியிலும் தரவும் கட்டளையும் ஒரே வகைக் குறிகளாலேயே எழுதப்படுகின்றன. சேமிக்க வேண்டிய எழுத்தை, நிறைவேற்ற வேண்டிய ஏவலாகச் சேவையகம் கொள்ளுமாறு செய்வதே நிரல் புகுத்தலாகும்.

2005 இல் சஞ்சீவ வீரவரண முதலியோரால் நிறுவப்பட்டு, கொழும்பை முக்கிய களமாகக் கொண்டு வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், வெவ்வேறு கணினி முறைமைகளை இணைப்பதற்கும் பயனரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்குமான திறந்தமூல மென்பொருள்களைத் தயாரிக்கின்றது. அவற்றிற் சிலவற்றிலிருந்த குறைபாடொன்று 2022 ஏப்ரலிற் பகிரங்கமாயிற்று. அதனைக் கண்டறிந்தவர் ஒரேஞ் சாய் என அறியப்படும் தாய்வான் ஆய்வாளர். அதன் கடுமை 10 க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது.

நிகழ்ந்தது இதுவே. கோப்புகளை ஏற்றுக்கொள்ளும் வாயிலொன்று, வருபவர் யாரென வினவாமலே திறந்திருந்தது. கோப்பின் பெயரோடு, 'மேலுள்ள அடைவுக்குச் செல்' எனப் பொருள்படும் புள்ளிகளையும் சாய்கோடுகளையும் சேர்த்து அனுப்பினால், அக்கோப்பு களஞ்சியத்தில் தங்காது அனுப்பியவர் விரும்பிய இடத்திற் சென்றமர்ந்தது. சேவையகம் நிரல்களை எடுத்து இயக்கும் அடைவில் ஜே.எஸ்.பி. வகைக் கோப்பொன்றை அவ்வாறு வைத்துவிட்டால், அதன் முகவரியை அழைத்த மாத்திரத்தே அந்நியரின் எழுத்து சேவையகத்தின் அதிகாரத்தோடு இயங்கலாயிற்று. நுட்பவியலார் இதனைக் 'கட்டுப்பாடற்ற கோப்பேற்றம்' என வகைப்படுத்துவர். விளைவு நோக்கில் இது நிரல் புகுத்தலே. எழுத்து மாறவில்லை, இடம் மாறியது என்பது கவனித்தற்குரியது.

விவரம் வெளியான சில நாட்களிலேயே தாக்குதல்கள் தொடங்கின. ஏப்ரல் 25 இல் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகவரகம், தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் குறைபாடுகளின் பட்டியலில் இதனையுஞ் சேர்த்தது. ஊடுருவப்பட்ட சேவையகங்களில் மறைநாணயம் 'அகழும்' நிரல்கள் நிறுவப்பட்டமையும் தெரியவந்தது. இயந்திரம் பிறருடையது, மின்சாரமும் பிறருடையது. இலாபம் மட்டுமே ஊடுருவியவருக்கு.

இதனைத் தனியொரு நிரலாளரின் கவனயீனமாகக் கொள்வது இலகு. ஆனால், அந்நிறுவனத்தின் ஏ.பி.ஐ. மனேஜர் மென்பொருளில் 2.2.0 முதல் 4.0.0 வரையான பதிப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. புதிய வசதி சந்தையில் விலைபோகும். பழைய நிரலை மீளப் படித்துச் சோதிக்கும் உழைப்புக்கு அவ்வாறான விலை கிடைப்பதில்லை. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லொக்4ஜே குறைபாடு இதனை மேலுந் தெளிவாக்கும். நிகழ்வுகளைப் பதிவேட்டில் எழுதுவதே அம்மென்பொருளின் பணி. பதிய வந்த வாசகத்தினுள்ளேயே அது ஏவலைத் தேடி நிறைவேற்றியது. உலகின் மிகப்பெரும் நிறுவனங்கள் பயன்படுத்திய அந்நிரலைப் பராமரித்தோர் பெரும்பாலும் ஊதியமற்ற தன்னார்வலர்களே. பயன் தனியார்க்கும் பராமரிப்புச் சுமை பொதுமைக்கும் உரியதான இம்முரண்பாட்டிலேயே குறைபாட்டின் சமூக வேர் தங்கியுள்ளது.

திறந்தமூலம் என்பதே பலவீனத்திற்குக் காரணம் என்போர் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர். நிரல் திறந்திருப்பது எவரும் அதனைப் படித்துச் சோதிக்க இடமளிக்கின்றது; படிப்போரின் உழைப்புக்கு ஆதரவு அளிப்பார் இல்லாமையே குறை. பரிகாரங்கள் அறியப்பட்டவையே: வாயிலில் அடையாளங் கேட்டல், கோப்பின் பெயரைச் சோதித்தல், ஏற்றப்படுவதை இயக்கப்படும் இடத்திலிருந்து விலக்கி வைத்தல், திருத்தம் வந்ததும் தாமதமின்றி நிறுவுதல். ஆயினும், இவைபற்றிய எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பிறக்கின்றன. தமிழில் வாசிக்கும் ஊழியருக்கு அவை உரிய நேரத்திற் புரியாவிடின், திருத்தம் இருந்தும் சேவையகம் திறந்தே கிடக்கும். ஒலுவிலில் பல்கலைக்கழகமொன்று அமைந்துள்ள இக்கரையோரத்தில், அவ்வெச்சரிக்கைகளைத் தெளிந்த தமிழில் உடனுக்குடன் வழங்குவது, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கணினித் துறையினரோடு இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.