முயல் வளர்க்கலாம்... முதலில் கூண்டைச் சரி செய்வோம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

"நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று அடம் பிடிப்பவர்களை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம். அதில் நானும் ஒருவன். என் பிடிவாதத்துக்கு எங்க வீட்டு முயல் ஒன்று உயிரையே விலையாகக் கொடுத்தது.

தங்கச்சி ஆசைப்பட்டாள் என்று ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கினோம். பழைய மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, மாடியில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தேன். ஒரு மாதம் நல்லாத்தான் போச்சு. பிறகு ஒன்று தும்ம ஆரம்பித்தது, மூக்கில் சளி. "டாக்டர்கிட்ட காட்டுடா" என்றார் அம்மா. "சளிக்கு எதுக்கும்மா டாக்டர்?" என்று சொல்லி, எனக்கு வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலின் கேப்சூலைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினேன். மூன்றாம் நாள் கழிச்சல். ஐந்தாம் நாள் முயல் விறைத்துக் கிடந்தது. தங்கச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மிச்சமிருந்ததைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் சொன்னது: "தம்பி, சளி கொல்லல. நீ குடுத்த மருந்துதான் கொன்னுது." முயலின் குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. பென்சிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் அவை செத்துப்போகும். கெட்ட கிருமி பெருகி விஷம் கக்கும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் மனுஷ மருந்தை முயலுக்குக் கொடுக்கவே கூடாது!

அவரிடம் கேட்டதையும் பிறகு படித்ததையும் சுருக்கமாகத் தருகிறேன்.

1. வெப்ப அதிர்ச்சி: நாம் வளர்ப்பது ஐரோப்பாவில், மண்ணுக்குள் வளை தோண்டிக் குளுமையில் வாழ்ந்த முயலின் வம்சம். (நம்ம செஞ்சி மலைப் பக்கம் ஓடும் காட்டு முயல் வேறு இனம். 1972ஆம் வருடத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கவே கூடாது.) முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 35 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. நம்ம ஊர்ப் பாறை, பகல் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தகரத்துக்கு அடியில் என்ன பாடு பட்டிருக்கும்! நிழலில் வையுங்கள். ஈரச் சாக்கு தொங்க விடுங்கள். மூச்சு வாங்கினால் காதுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, டாக்டரிடம் கொண்டு போங்கள்.

2. ரத்தக் கழிச்சல்: காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியால் வருவது. குட்டிகளை அதிகம் தாக்கும். வயிறு ஊதி, மெலிந்து சாகும். இதன் முட்டை சாணத்தில் வெளியே வந்ததும் நோய் தராது. ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தரும். ஆகவே தினமும் சுத்தம் செய்தால் சங்கிலி அறுந்துவிடும்! சாதாரண பினாயிலுக்கு இந்த முட்டை அசையாது. கொதிநீர் ஊற்றலாம். அல்லது முயலை வெளியே எடுத்துவிட்டு, இரும்புக் கூண்டில் நம்ம ஒர்க்ஷாப் ப்ளோ லாம்ப்பைக் காட்டலாம்.

3. சொறி: காது, மூக்கு, பாதங்களில் வெள்ளைப் பொருக்கு தட்டும். காரணம் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. சில வகை நமக்கும் தொற்றி அரிப்பு தரும். மெக்கானிக்கல்காரன் புத்தி பழைய இன்ஜின் ஆயிலைத் தேடும். வேண்டாம்! முயல் நக்கி விழுங்கிவிடும். டாக்டர் எடை பார்த்துப் போடும் ஐவர்மெக்டின் ஊசியே போதும்.

4. சளி: பாஸ்டுரெல்லா என்ற கிருமி. காற்றோட்டம் இல்லாத கூண்டில் மூத்திர நெடி மூக்கை அரித்து இதற்கு வழி விடுகிறது. என் மரப்பெட்டி செய்த வேலை இதுதான்.

5. பாதப்புண்: கரடுமுரடான கம்பித் தரையால் வருவது. கூண்டுக்குள் ஒரு மூலையில் வழவழப்பான பலகை போடுங்கள்.

கவனித்தீர்களா? ஐந்திலும் கூண்டுக்குப் பங்கு இருக்கிறது! அதைச் சரி செய்ய டிப்ளமோ மாணவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஒரு முயலுக்குக் குறைந்தது 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அடியில் அரை அங்குலக் கம்பி வலை. தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஸ்டாண்டு. சாணம் விழ, கழற்றக்கூடிய தட்டு. வெல்டிங் பிசிறை ஃபைல் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

தீனியில் பெரும்பங்கு புல்லும் காய்ந்த புல்லும்தான். முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் நார் மென்றுதான் தேய வேண்டும். அரை நாள் தீனி தொடவில்லை என்றால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். முயல் நோயை மறைக்கும் பிராணி. நமக்குத் தெரிகிறபோது பாதி முற்றியிருக்கும்.

"குளிர் நாட்டுப் பிராணி நம்ம ஊருக்கு எதுக்கு?" என்பீர்கள். நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலை மன்னவனூரிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்களில் முயல் வளர்த்திருக்கிறார்கள். சென்னைப் பக்கத்துக் காட்டுப்பாக்கத்தின் சமவெளி வெயிலிலும் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வீடு சரியாக இருந்தால் வெயில் ஊரிலும் வாழும்.

எங்க வீட்டு இரண்டாவது முயல், நானே வெல்டு வைத்த கூண்டில், வேப்பமர நிழலில் நன்றாக இருக்கிறது. தங்கச்சியும் பேசுகிறாள். ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்திருக்க வேண்டும். என் தவறை நீங்களும் செய்யாதீர்கள், நண்பர்களே!