பாரெட் உணவுக்குழாய்

பாரெட் உணவுக்குழாய் என்பது, உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் இடத்திற்குச் சற்று மேலே, குழாயின் உட்படலம் வேறு வகைத் திசுவாக மாறும் நிலையாகும். நெடுநாள் நெஞ்செரிச்சலும் எதுக்களித்தலும் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இது ஏற்படுகிறது. இது புற்றுநோய் அன்று. ஆயினும் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் தோன்றும் சுரப்பிப் புற்றுநோய்க்கு முன்னோடி நிலையாகக் கருதப்படுகிறது.

திசு மாற்றம்

உணவுக்குழாயின் உட்படலம் பல அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. இரைப்பையின் உட்படலம் தூண் வடிவச் செல்களால் ஆனது. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லை 'இசட் கோடு' எனப்படும். கீழ்ச் சுருக்குத்தசை தளரும்போது அமிலமும் பித்தநீரும் மேலேறித் தட்டைச் செல்களைப் புண்ணாக்குகின்றன. அவ்விடத்தில் நாளடைவில் குடலில் உள்ளவை போன்ற தூண் வடிவச் செல்களும் சளி சுரக்கும் கிண்ணச் செல்களும் தோன்றுகின்றன. இது மெட்டாபிளாசியா எனப்படும்.

புதிய திசு அமிலத்தை ஓரளவு தாங்கும் என்பதால் எரிச்சல் குறையக்கூடும். ஆகவே எரிச்சல் தணிந்தது மட்டுமே நோய் நீங்கியதற்கு அடையாளம் ஆகாது.

சிலருக்கு இத்திசு டிஸ்பிளாசியா என்னும் ஒழுங்கற்ற வளர்ச்சியாகி, பின்னர் புற்றாகலாம். டிஸ்பிளாசியா இல்லாதவர்களில் ஆண்டுக்கு 1 விழுக்காட்டிற்கும் குறைவானவர்களுக்கே புற்றுநோய் உண்டாகிறது. ஆண்கள், 50 வயதைக் கடந்தவர்கள், தொப்பை உள்ளவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்குப் பாரெட் உணவுக்குழாய் உண்டாகும் வாய்ப்பு கூடுதல்.

வரலாறு

ஆத்திரேலியாவில் பிறந்து லண்டனில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் 1950இல் இதைப் பற்றி எழுதினார். பிறவியிலேயே குட்டையான உணவுக்குழாயால் மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்றே அவர் முதலில் கருதினார். அது உணவுக்குழாயே என்று 1953இல் அலிசன், ஜான்ஸ்டன் ஆகியோர் காட்டினர். 1957இல் பாரெட்டும் அதை ஏற்றார்.

கண்டறிதலும் சிகிச்சையும்

எண்டோஸ்கோப்பியில் இப்பகுதி செம்மையாகத் தெரியும். பயாப்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே உறுதி செய்யப்படுகிறது. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மருந்துகள் அமிலத்தைக் குறைக்கின்றன. மாறிய திசுவை அவை பெரும்பாலும் முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. டிஸ்பிளாசியா இல்லையெனில் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை போதுமானது. டிஸ்பிளாசியா இருப்பின் எண்டோஸ்கோப்பி வழியாகவே அத்திசுவை வெட்டி நீக்கலாம் அல்லது ரேடியோ அலைவெப்பத்தால் அழிக்கலாம்.

சேலம், நாமக்கல் பகுதியில்

பாரெட் உணவுக்குழாய் மேலை நாடுகளில் மிகுதி. இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பான்மை தட்டைச் செல் வகையே. புகையிலை, புகையிலை சேர்த்த வெற்றிலைபாக்கு, மது ஆகியன அதன் முக்கியக் காரணங்கள். இவ்விரு வகைகளிலும் விழுங்குவதில் சிரமம் முக்கிய எச்சரிக்கையாகும்.

லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் ஓட்டுநர்கள் நேரந்தவறி உண்டு உடனே படுக்க நேரிடுகிறது. இப்பழக்கம் எதுக்களித்தலைக் கூட்டும். உண்டபின் இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், தலைமாட்டை உயர்த்துவதும் பயன்தரும். மருந்துக்கடையில் 'கேஸ் மாத்திரை' வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர், ஒருமுறையேனும் மருத்துவரைக் கண்டு எண்டோஸ்கோப்பி தேவையா எனக் கேட்டறிதல் நலம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கலில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

உணவு அடைத்தல், எடை குறைதல், இரத்த வாந்தி, கருநிற மலம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் பரிசோதிக்க வேண்டும்.