குக்குலு

நம் சிற்றூர்களில் தோட்டத்துக்கு வேலியாகக் கிளுவை நடுவது வழக்கம். கிளையொன்றை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றிவிட்டால் அது தானே வேர்கொண்டு தழைத்துவிடும். அந்தக் கிளுவைக்கு நெருங்கிய உறவாகிய செடியொன்று இராஜஸ்தானத்தின் வறண்ட குன்றுகளிலும், குஜராத்தைச் சேர்ந்த கச்சுப் பகுதியிலும், பாகிஸ்தானில் உள்ள சிந்து, பலுச்சிஸ்தான நிலங்களிலும் வளர்கின்றது. அதன் பெயர் குக்குலு. வெள்ளைப்போளம் என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் பிசினைத் தருவதும் இவ்வினத்தைச் சார்ந்த மற்றொரு மரமேயாகும்.

குக்குலு கண்ணைக் கவரும் செடி அன்று. ஆள் உயரமோ அதனினும் சற்று மிகுதியோ வளரும். கிளைகள் கோணி வளைந்து முள்ளாய் முடியும். பட்டை மெல்லிய காகிதம்போலச் சுருள் சுருளாக உரியும். ஆண்டின் பெரும்பகுதி இலையின்றி நிற்பதால், அறியாதார் அதனைப் பட்டுப்போன செடி என்றே எண்ணுவர். இலை வழியாக நீர் ஆவியாகிப் போகாவண்ணம் அது தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. மழை பெய்த சின்னாட்களில் தளிர் விட்டுவிடும்.

இச்செடியின் பட்டைக்குள் நுண்ணிய குழல்கள் உள்ளன. அவற்றில் மணமுள்ள பிசின் நிறைந்திருக்கும். பட்டையில் காயம் பட்டால் பிசின் கசிந்து, காற்றுப் பட்டு இறுகி, காயத்தை மூடும். ஆகவே, பிசின் என்பது செடி தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் மருந்து. அதனையே மனிதன் தன் நோய்க்கு மருந்தாகக் கொண்டான். அதன் பெயரும் பிசின் மணம்போலத் தொலைவில் பரவியது. குக்குலு என்பது வடசொல். நம் குங்கிலியம் என்னும் சொல்லும் அதனோடு தொடர்புடையதே என்பர். திருக்கடவூரில் மனைவியின் தாலியை விற்றும் கோயிலுக்குக் குங்கிலியம் வாங்கிப் புகையிட்ட கலய நாயனார் வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். எனினும் தமிழகத்தில் வேறு மரப்பிசின்களையும் குங்கிலியம் என்று வழங்குதலின், ஐயம் நேராதிருக்க இப்பாடத்தில் குக்குலு என்னும் பெயரையே ஆள்வோம்.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை, உடலில் கொழுப்பு மிகுவதால் உண்டாகும் கேடுகளைக் கூறி, அவற்றுக்குக் குக்குலுவை மருந்தாகச் சொல்கின்றது. ஏட்டில் உள்ளதனால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடுமா? ஏட்டில் உள்ளது என்பதற்காகவே பொய்யென்று தள்ளிவிடலாமா? இரண்டும் அறிவுடைமை அன்று. சோதித்துப் பார்ப்பதே முறை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சத்தியவதி என்னும் அம்மையார் அவ்வாறே செய்தார். அவர் முயல்களுக்குக் கொழுப்பு மிக்க உணவு கொடுத்து, அவற்றின் குருதியில் கொலஸ்டிரால் மிகும்படி செய்தார். அவற்றுள் குக்குலு உண்ட முயல்களின் குருதியில் அது குறையக் கண்டார். 1966-ஆம் ஆண்டில் இதனைத் தம் பட்ட ஆய்வேடாக அளித்தார். பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைமை இயக்குநராக விளங்கியவர் இவர்.

பிசின் பயன் தருகின்றது என்றால், அதனுள் பயன் தருவது எது? இனி வேதியியலார் இதனை ஆராயத் தொடங்கினர். பிசினை எத்தில் அசிட்டேட் என்னும் நீர்மத்தில் இட்டுக் கலக்கினால் ஏறத்தாழப் பாதி கரையும். பாதி அடியில் தங்கும். தங்குவது பெரும்பாலும் வெறும் கோந்து. கொழுப்பைக் குறைக்கும் ஆற்றல் அதனிடம் இல்லை. கரைந்ததை மேலும் பிரித்தனர். அமிலப் பொருள்களை ஒருபுறமும், காரப் பொருள்களை ஒருபுறமும் நீக்கினர். எஞ்சிய நடுநிலைப் பகுதியையும் பகுத்துச் சென்றனர். முடிவில், பிசினில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே உள்ள பொருளொன்று அகப்பட்டது. அதற்குக் குக்குல்ஸ்டீரோன் எனப் பெயரிட்டனர். சுக்தேவ் என்னும் வேதியியலறிஞரும் அவர் குழுவினரும் இதன் அமைப்பை 1972-இல் வெளியிட்டனர். இப்பொருள் இரு வடிவங்களில் உள்ளது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே, அவை நிற்கும் இடம் மட்டும் வேறு. ‘கலம்’ என்னும் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றினால் ‘கமல்’ என்றாவது போன்றது இது.

2002-இல் அமெரிக்க அறிஞர்கள், நம் உடலில் பித்தநீர் அமிலங்களின் அளவை அறிந்து கல்லீரலை இயக்கும் புரதம் ஒன்றைக் குக்குல்ஸ்டீரோன் தடுக்கின்றது என்று கண்டனர். புகழ் உச்சியை அடைந்தது. அடுத்த ஆண்டே மறுதலையும் வந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 103 பேரை வைத்து 8 வாரம் நடத்திய சோதனையில், குக்குலு உண்டாரிடம் தீய கொலஸ்டிரால் குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் கண்டது. இந்தியாவில் முன்னர் நடந்த சில சோதனைகள் நற்பயனையே காட்டியிருந்தன. உணவு வேறுபாடோ, உடல் வேறுபாடோ, மருந்தின் தன்மையோ, சோதனை முறையோ, இதற்குக் காரணம் ஒருதலையாகத் துணியப்படவில்லை. பழமையைப் போற்றுவோர் இச்சோதனையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது என்பது என் கருத்து.

நிற்க. அச்சோதனையில் குறைந்த அளவு உண்டவர்க்கு நாளொன்றுக்கு 3 கிராம் சாறு தரப்பட்டது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருவர்க்கு ஒரு கிலோவுக்கு மேல் சாறு வேண்டும். அதற்கு இரண்டு கிலோவுக்கு மேல் பிசின் வேண்டும். நன்கு வளர்ந்த செடி ஒரு பருவத்தில் பொதுவாக 200 முதல் 500 கிராம் பிசினே தரும். ஆக, ஒருவர் ஓராண்டு உண்ணக் குறைந்தது ஐந்து செடிகளைக் கீற வேண்டும்!

மருந்தை உடலில் சேர்க்கும் வழியைப் பற்றிய ஆராய்ச்சி இங்கேதான் செடியோடு தொடர்பு கொள்கின்றது. குக்குல்ஸ்டீரோன் நீரில் கரையாது. உண்ட மருந்தில் ஒரு பகுதியே குருதியில் சேரும், எஞ்சியது வீணாகும். பண்டை மருத்துவர் குக்குலுவைத் திரிபலைக் குடிநீரிலோ பாலிலோ இட்டுக் காய்ச்சித் தூய்மை செய்தனர். பின் மற்றைச் சூரணங்களைச் சேர்த்து, நெய் விட்டு இடித்து உருண்டையாக்கினர். யோகராஜ குக்குலு அவ்வாறு ஆனதே. அங்கே குக்குலு மருந்தாகவும், பல மருந்துகளைப் பிணைக்கும் பசையாகவும் அமைந்தது. இக்காலத்து ஆய்வாளர், மில்லிமீட்டரைப் பத்திலட்சம் கூறு செய்தால் ஒரு கூறு எவ்வளவோ அதனை அளவுகோலாகக் கொண்டு, அத்தகைய சில நூறு கூறு பருமனே உள்ள கொழுப்புத் துகள்களுக்குள் இம்மருந்தைப் பொதிந்து செலுத்த முயல்கின்றனர். இம்முயற்சிகள் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில் உள்ளன. இவை கைகூடினால், அதே பயனைக் குறைந்த மருந்தால் பெறலாம். குறைந்த செடிகளைக் கீறினால் போதும்.

கீறும் முறையும் கேட்டறிய வேண்டுவது. பனிக்காலம் தொடங்கி வேனில்வரை, பட்டையில் மெல்லிய கீறல் இட்டுப் பிசின் திரட்டுவர். ஆழமின்றிக் கீறினால் செடி பிழைக்கும். பொருளாசை மிக்கோர் ஆழ வெட்டி, துருசு முதலியவற்றைக் குழைத்து வெட்டுவாயில் அப்புகின்றனர். பிசின் பெருகி வழியும், செடியோ மாண்டுபோகும். சிந்து நாட்டுக் கரூஞ்சர் மலைப்பகுதியிலும் இக்கொடுமை நேர்ந்தது. இதற்கு மாற்றாக, எத்திஃபான் என்னும் பொருளை அளவறிந்து செலுத்திப் பிசினைப் பன்மடங்கு பெறும் முறையைத் தில்லிப் பல்கலைக்கழகத்தார் 1989-இல் வெளியிட்டனர். அளவு மீறினால் அதுவும் கேடே. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-இல் குக்குலுவை மிக அருகி அழியும் நிலையில் உள்ள செடிகளின் பட்டியலில் சேர்த்தது.

அழிந்த இடத்தில் மீண்டும் வளர்ப்பது எளிதா? குக்குலுவில் ஆண் செடிகள் மிக மிக அரிய. தில்லி அறிஞர்கள் 1990-களில் ஆராய்ந்தபோது, பெண் செடிகள் மகரந்தச் சேர்க்கை இன்றியே விதை கொள்வதைக் கண்டனர். வியப்பாக இல்லையா? ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. அவ்விதையிலிருந்து வருவது தாயின் அச்சாகவே இருக்கும். தாயைத் தாக்கும் நோய் மகளையும் தாக்கும். விதைகளும் நன்கு முளைப்பதில்லை. எனவே, கிளுவையைப் போலவே விரற்பருமனுள்ள கிளைத் துண்டுகளை வெட்டி, வேர்விடத் தூண்டும் மருந்தில் தோய்த்து, மழைக்கு முன் நடுகின்றனர். இதனால் செடி பெருகும், குலவேறுபாடு பெருகாது. ஆகவே வெவ்வேறு குன்றுகளிலிருந்து துண்டுகளைக் கொணர்ந்து கலந்து நடுவதே தக்கது.

நடுமிடமும் ஒழிந்து கிடப்பதில்லை. நம் கண்மாய்க் கரைகளை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேல் கச்சு நிலத்தையும் விட்டுவைக்கவில்லை. அதனை வேரோடு அகழ்ந்து, ஆடு மாடு புகாமல் வேலியிட்டு, பாறைச் சரிவில் குழி பறித்து ஊன்ற வேண்டும். ஊன்றிய செடி கீறத்தக்க பருவம் அடைய எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். இவ்வாண்டு மழைக்கு ஊன்றிய துண்டு, இப்பாடத்தைப் படிக்கும் நீங்கள் கல்லூரிப் படிப்பை முடித்துப் பணியில் அமர்ந்த பின்னர், ஒரு பனிக்காலத்தில், முதற் கீறலுக்கு ஆளாகும்.